அட்டையைப் பிடித்திருந்த கை

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வளையலக்கா. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரு வளையல் கடையில் நின்றவள். கடைக்கு வருகிறவள் வாயைத் திறக்கும் முன்பே, "உங்களுக்கு ரெண்டே கால் சைஸ் போதும், வலது கைக்கு மட்டும் கொஞ்சம் சோப்பு போடணும்" என்று சொல்லிவிடுவாள். விரலைத் தொட்டால் போதும், அது தையல் மிஷினில் ஓடுகிற கையா, பாத்திரம் தேய்க்கிற கையா, கோபம் வந்தால் மேஜையில் குத்துகிற கையா என்று தெரிந்துவிடும். முகம் மறந்துபோகும், கை மறக்காது. "புருஷன் மூஞ்சியே இப்ப சரியா ஞாபகம் இல்ல" என்பாள். "ஆனா ரயிலேறினப்போ பெட்டியைத் தூக்கின கையை நாளைக்குச் சந்தையில பார்த்தாலும் பிடிச்சுருவேன்."

கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் இந்த வேலை கிடைத்தது. மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய நீளமான கூடம், நாற்பது கம்ப்யூட்டர்கள். கைப்பேசியை வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பேனா, காகிதம் எதுவும் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் காவலாளி ஒருமுறை குலுக்கிப் பார்த்துத்தான் அனுப்புவார்.

வேலை சொல்வதற்கு எளிது. வயதுவந்தவர்கள் மட்டும் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் தனக்கென்று ஒரு பக்கம் திறந்து படமும் வீடியோவும் போடலாம். பார்க்க விரும்புகிறவர்கள் மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். பக்கம் திறக்கும் முன், விண்ணப்பிக்கிறவர் தன் அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படங்கள் எல்லாம் இந்தக் கூடத்துக்கு வரும். திரையில் இரண்டே கேள்வி. முகமும் அட்டையும் ஒரே ஆளா? அட்டை செல்லுபடியாகுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. ஒரு படத்துக்கு நாற்பது வினாடி.

அந்த நாற்பது வினாடியைக் காவல் காக்கவே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. அவருக்குக் கூடம் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். வேலையைச் சுலபமாக்கத் தலைமை அலுவலகம் ஒரு வசதி செய்து கொடுத்திருந்தது. வருகிற படத்திலிருந்து முகத்தை ஒரு சதுரமாகவும் அட்டையை ஒரு சதுரமாகவும் கம்ப்யூட்டரே வெட்டித் தரும். மீதிப் படம் கண்ணில் படாது. முழுப் படம் வேண்டுமென்றால் தனியாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எட்டு வினாடி போகும். எட்டு வினாடி போனால் நாளின் மதிப்பெண் இறங்கும். ஒரு வருடமாக அந்தப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. வளையலக்காவும்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றம் செய்கிறேன் என்று யாரோ எதையோ கெடுத்துவைத்தார்கள். வெட்டுகிற வசதி வேலை செய்யவில்லை. எல்லோர் திரையிலும் படங்கள் முழுசாக வந்து விழுந்தன. சுவர், கட்டில், கொடியில் காயும் துணி, தரையில் கிடந்த செருப்பு எல்லாம் தெரிந்தது.

"அக்கா, ஊர்ல யாருமே வீடு கூட்டறதில்ல போல" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. பெரிய மூக்குக்கண்ணாடி போடுவதால் அவள் பெயர் கண்ணாடி.

வளையலக்காவின் திரையில் ஒரு பெண் இருந்தாள். அட்டைப்படி இருபத்திரண்டு வயது. முகம் பொருந்தியது. அட்டை நல்ல அட்டை. பச்சையை அழுத்தியிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

அப்படியானால் அட்டையைப் பிடித்திருப்பது யார்?

படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. சதைப் பிடிப்பான, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் கை. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. கட்டைவிரலின் அடியில் பழைய சூட்டுத் தழும்பு, ஒரு பட்டாணி அளவுக்கு.

"கண்ணாடி, இங்க பாரு. தன் அட்டையைத் தானே பிடிக்க முடியாதபடி இவளுக்கு என்ன வந்துச்சு?"

"யாராவது ஃப்ரெண்டு பிடிச்சிருப்பா அக்கா. முப்பது செகண்டு ஆச்சு, அழுத்துங்க."

அழுத்தவில்லை. விண்ணப்பத்தின் கீழே, இவளைத் தளத்துக்கு அறிமுகம் செய்தவரின் எண் இருந்தது. ஆள் பிடித்துத் தருகிறவர்களுக்குத் தளம் தருகிற எண் அது. அதைத் தொட்டாள். அதே எண்ணில், கடந்த இரண்டு மாதத்தில் இன்னும் பத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். பத்துப் பேருக்கும் பச்சை. ஒவ்வொன்றாக முழுப் படத்தைத் திறந்தாள்.

பத்து முகம். ஒரே கை. அதே சுண்டுவிரல், அதே தழும்பு.

படங்களின் ஓரத்தில் பச்சை அழுத்தியவரின் எண்ணும் இருந்தது. பத்தில் நான்குக்கு அவளுடைய எண்.

மதிப்பெண் நன்றாக இருந்த நாட்கள் அவை. ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் கைதட்டி, "முப்பத்தொரு செகண்டு சராசரி, அக்காவைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தக் கைதட்டலுக்குள் இந்த நான்கு பெண்களில் எத்தனை பேர் இருந்தார்களோ.

ஸ்டாப்வாட்சை அழைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"கை நம்ம கேள்வியில இல்லையே அக்கா."

"இல்லாட்டி என்ன சார்? கண்ணு முன்னாடி தெரியுதே."

"சந்தேகமா இருந்தா சிவப்பு அழுத்துங்க. நம்ம வேலை முடிஞ்சுது."

"சிவப்பு அழுத்தினா இந்தப் பொண்ணை நாளைக்கே வேற ஊருக்கு, வேற தளத்துக்கு இழுத்துட்டுப் போவாங்க. அப்புறம் எங்க சார் தேடுறது?"

"தேடுறது நம்ம வேலை இல்லைன்னுதான் சொல்றேன்."

"சரி, அந்தப் பத்துப் பேரு? அவங்க பக்கமாச்சும் நிறுத்துங்க."

அவர் தயங்கினார். "அதுக்கெல்லாம் சந்தா ஓடிட்டிருக்கு அக்கா. மேல கேக்கணும்."

மேலே கேட்டார். மதியம் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, கவனத்தில் கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். பத்துப் பெண்களின் வாழ்க்கைக்கு ஒரு வரி. தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் போகிறது என்று எழுதினால்கூட ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பார். பெண் போகிறாள் என்று எழுதினால் கவனத்தில் கொள்வார்களாம். எந்தக் கவனம்? சந்தா நின்றுவிடக் கூடாதே என்கிற கவனம்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. பயிற்சியில் கொடுத்த விதிகளைக் கம்ப்யூட்டரில் திறந்து, முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். ஏழாம் விதியில் இப்படி இருந்தது: தேவைப்பட்டால் விண்ணப்பதாரரை நேரடி வீடியோவில் அழைக்கலாம்; அறையில் அவர் மட்டுமே இருக்க வேண்டும்.

"இதை யாராச்சும் பண்ணியிருக்காங்களா?"

"யாருக்கு நேரம் இருக்கு?" என்றாள் கண்ணாடி. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பண்ணப் போறீங்களா?"

இரண்டரை மணிக்கு அழைத்தாள். திரையில் முதலில் தெரிந்தது அந்தப் பெண் இல்லை. எண்ணெய் பளபளக்கும் அகலமான ஒரு முகம்.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

வளையலக்கா தன் குரலைக் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவின் குரலாக மாற்றிக்கொண்டாள். "நீங்க யாரு?"

"நான் அவளுக்குப் பெரியம்மா முறை. பயந்த பொண்ணு. எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க."

"பெரியம்மாவா இருந்தாலும் சரி, பாட்டனாரே எழுந்து வந்தாலும் சரி. விண்ணப்பதாரர் தனியா இருக்கணும். அட்டை அவங்க கையில இருக்கணும். கேமராவைச் சுத்திக் காட்டி அறை காலியா இருக்குன்னு காட்டணும். இல்லைன்னா விண்ணப்பம் ரத்து. மறுபடி ஆறு மாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது."

ஆறு மாதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"முன்னாடி பத்துப் பேருக்கு இதெல்லாம் கேக்கலையே?"

"புது உத்தரவு. எனக்கு வேற வேலை இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

அந்த அகலமான முகம் முணுமுணுத்தது. பிறகு சுண்டுவிரல் வளைந்த கை ஒன்று அட்டையை நீட்டியது. இன்னொரு கை, மெலிந்த கை, அதை வாங்கியது. கதவு சாத்தும் சத்தம். கேமரா அறையைச் சுற்றி வந்தது. ஒரு கட்டில், வீடியோ எடுக்க வைக்கிற வட்ட விளக்கு, கம்பி போட்ட ஒரு ஜன்னல். பிறகு அந்தப் பெண்ணின் முகம். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். தன் அட்டையைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்றோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே காது இருக்கும். வளையலக்கா பேசவில்லை. எழுத்துகளைத் தட்டினாள். அவை அந்தப் பெண்ணின் கைப்பேசித் திரையில் தோன்றும்; அடுத்த வரி வந்ததும் மறையும்.

தலையை வலப்பக்கம் திருப்புங்கள். திருப்பினாள்.

கேமராவைப் பாருங்கள். பார்த்தாள்.

நான் உன் அம்மா வயதுக்காரி. சத்தம் போடாதே. நீயாக விரும்பி இங்கே இருக்கிறாய் என்றால் வலது கையைத் தூக்கு. இல்லை என்றால் இடது கையை.

படித்தாள். மறுபடி படிப்பது கண்ணின் அசைவில் தெரிந்தது. அட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவில்லை. வகுப்பில் டீச்சர் கவனிக்கவே மாட்டாரோ என்று பயப்படுகிற பிள்ளையைப் போல, இன்னும் உயரமாகத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து இருக்கையில் கண்ணாடி தன் வேலையை நிறுத்திவிட்டாள். அவள் திரையில் நாற்பது வினாடி தாண்டிச் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

கையை இறக்கு தாயே. ஜன்னல் வழியாக வெளியே காட்டு.

கேமரா ஜன்னல் கம்பிக்குப் போனது. இரண்டு மாடிக்குக் கீழே தெரு. எதிரே மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே ஒரு டயர் கடைப் பலகை. பலகையில் கடையின் தொலைபேசி எண்.

எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. பேனா இல்லை, காகிதம் இல்லை. அப்போது மேஜைக்குக் கீழே கண்ணாடியின் கை நீண்டது. மூக்குக்கண்ணாடி உறைக்குள் ஒளித்துவைத்திருந்த புருவப் பென்சில் அதில் இருந்தது. "வாட்ச்மேன் உறையைத் திறந்து பார்க்கிறதே இல்ல" என்று கிசுகிசுத்தாள். வளையலக்கா இடது கையின் வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கம் எண்ணை எழுதினாள். பிறகு வளையல்களை அதன்மேல் இறக்கினாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரையிலிருந்த எழுத்தை மாற்றினாள். நன்றி, சோதனை முடிந்தது.

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. "சீக்கிரம்."

அகலமான முகம் மறுபடி தெரிந்தது. "ஆச்சாம்மா?"

"ரெண்டு நாள்ல பதில் வரும். அதுவரைக்கும் இதே அறையிலதான் இருக்கணும். மறுபடி கூப்பிடும்போது இடம் மாறியிருந்தா ரத்து." சொல்லிவிட்டு, பச்சையும் அழுத்தாமல் சிவப்பும் அழுத்தாமல், மறுபரிசீலனை என்ற கட்டத்தில் அந்த விண்ணப்பத்தை நிறுத்தினாள். அதற்கு இரண்டு நாள்தான் அவகாசம். அதன் பிறகு கம்ப்யூட்டரே சிவப்பாக்கிவிடும்.

திரும்பினால் ஸ்டாப்வாட்ச் நின்றிருந்தார். "ஆறு நிமிஷம் இருபது செகண்டு."

"ஆமா சார். எழுதிக்கோங்க."

வேலை முடிந்த கையோடு பெண்கள் காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தராக இருந்த போலீஸ்காரப் பெண் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "பாதிக்கப்பட்ட பொண்ணு வந்து புகார் குடுக்கணும்மா" என்றார்.

"பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்றேன். அவ எப்படிங்க வருவா? பூட்டினவங்ககிட்ட சாவி கேட்டு வாங்கிட்டு வரணுமா?"

"நீங்க பார்த்த போட்டோ இருக்கா?"

"எடுக்கக் கூடாதுன்னு விதி."

"பின்ன எதை வெச்சு நான் எழுதறது?"

வளையலக்கா கையை நீட்டி, வளையல்களை மேலே தள்ளினாள். வியர்வையில் கடைசி இரண்டு எண்கள் மங்கியிருந்தன. எழுத்தர் அந்தக் கையை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ஏழா, ஒண்ணா?"

"ஏழு. அதுக்கப்புறம் நாலு. எதிர்ல நீலத் தொட்டி. இரண்டாவது மாடி, கம்பி போட்ட ஜன்னல். அந்தப் பொம்பளைக்கு வலது சுண்டுவிரல் உள்ள வளைஞ்சிருக்கும். கட்டைவிரலுக்கு அடியில சூட்டுத் தழும்பு. நான் இந்த பெஞ்சுல உக்கார்றேன். நீங்க அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கடை எங்க இருக்குன்னு மட்டும் கேளுங்க. அதுக்கு யார் புகாரும் வேண்டாமில்ல?"

எழுத்தருக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம். அல்லது அன்றைக்கு ஆறாவது முறையாக யாரிடமோ இதே வரியைச் சொன்னதில் அவருக்கே வெறுத்துப் போயிருக்கலாம். தொலைபேசியை எடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மகள் சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வேலை போயிரும்மா."

"போகட்டும்."

"என் ஃபீஸ் பத்திக் கேக்கல. நீ பயப்படறியான்னு கேட்டேன்."

"பயமா இருக்கு. ஒரு வருஷமா எத்தனை கையை வெட்டிட்டு முகத்தை மட்டும் பார்த்தேனோன்னு பயமா இருக்கு."

மகள் எழுந்து வந்து, அம்மாவின் மணிக்கட்டில் மிச்சமிருந்த கறுப்பைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் வளையலக்கா அழுதாள்.

மறுநாள் மதியம் அந்த வீட்டுக்குள் காவல்துறை நுழைந்தது. ஆறு பெண்கள் இருந்தார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்கள். வந்த அன்றே, பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி அட்டைகளை வாங்கிக்கொண்டார்களாம். சுண்டுவிரல் வளைந்தவளின் பீரோவுக்குள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக அவை இருந்தன. பதினோரு அட்டைகள்.

காவல் நிலையத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அட்டைகளைக் காட்டினார்கள். வழக்கு முடியும்வரை அசல் தங்களிடம் இருக்க வேண்டும், நகல்தான் தர முடியும் என்றார் எழுத்தர். இடது கையைத் தூக்கியிருந்த அந்தப் பெண் நகலை வாங்க மறுத்தாள். "ஒரு நிமிஷம் பிடிச்சுப் பார்த்துட்டுத் தந்துடறேங்க" என்றாள். எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசலைக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வளையலக்காவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் பார்த்தது எழுத்துகளைத்தானே. வளையலக்காவும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. பதினோரு அட்டைக்கு ஆறு பெண்கள். மீதி ஐந்து பேர் எங்கே என்ற கேள்வி அவளைப் பெஞ்சிலேயே அழுத்திவைத்திருந்தது. அந்த ஐந்தில் இரண்டு பேருக்குப் பச்சை அழுத்தியது அவள்தான்.

மூன்றாம் நாள் அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். காரணம், ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனது. அதே வாரம், உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று கூடத்தின் வாசலில் பளபளவென்று ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். கண்ணாடி போன் செய்து சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். "அக்கா, அந்தக் கோளாறைச் சரி பண்ணிட்டாங்க. இப்ப பழையபடி வெட்டித்தான் வருது. முகமும் அட்டையும் மட்டும்."

எது கோளாறு என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா? ஒரு பெண்ணின் மடியில் கிடக்கும் கைகள் தெரிந்தால் அது கோளாறு. தெரியாமல் இருந்தால் சரி.

இரண்டு மாதம் கழித்து அந்த வழக்கில் விசாரணை நடந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் கறுப்புக் கோட்டில் வந்து, மிக மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க நிறுவனத்தோட விதியை மீறினீங்களா, இல்லையாம்மா?"

"மீறினேங்க. அஞ்சாவது தடவை மீறினேன்."

"அஞ்சாவதா? அப்ப முன்னாடி நாலு தடவை?"

"அந்த நாலு தடவையும் விதிப்படிதான் நடந்தேன். அந்த நாலுல ரெண்டு பொண்ணுங்க இன்னும் கிடைக்கல. விதிப்படி நடந்ததுக்கு எனக்குக் கைதட்டினாங்க. அதையும் எழுதிக்கோங்க."

விசாரணை அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, கடந்த ஒரு வருடத்தின் படங்களை வெட்டாமல் முழுசாக ஒப்படைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டார்.

இப்போது வளையலக்கா தினமும் பகலில் அந்தக் காவல் நிலையத்தின் பின்னறைக்குப் போகிறாள். எழுத்தர் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போடுவார். அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மடியைப் பார்ப்பாள், படத்தின் ஓரத்தைப் பார்ப்பாள். நாலாம் நாள், வேறொரு அறிமுக எண்ணில், வேறொரு ஊரிலிருந்து வந்த ஒரு படத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். அட்டையைப் பிடித்திருந்தது ஒரு ஆணின் கை. புதிய கை. ஆனால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியிலிருந்த கைகளை அவளுக்குத் தெரியும். முழுப் படங்களைத் திறந்த அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்தவை. மோதிர விரலில் ஒரு மச்சம், ரெண்டே கால் போதும் என்கிற மெலிந்த மணிக்கட்டு. வேறு பெயர், வேறு அட்டை. அதே கைகள்.

"இவ நான் பச்சை அழுத்தின பொண்ணு" என்றாள்.

எழுத்தர் பேனாவை எடுத்து ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டார். "டீ குடிச்சுட்டுத் தொடரலாமா அக்கா?"

"குடிக்கலாம். நீங்க அடுத்ததைப் போடுங்க."